யார் வாயைக் கட்டினோம்?

வெனிசு நகரத்து வணிகன் மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தான். முத்துக்குளிப்பைப் பற்றி அவன் விட்டுச் சென்ற குறிப்பிலே ஒரு செய்தி உண்டு. குளிப்போர் கடலில் இறங்குமுன், பெருமீன்கள் அவர்களைத் தீண்டாதபடி மந்திரம் ஓதிக் கட்டுவதற்கென்றே சிலர் இருந்தனராம். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரம் ஓதியவருக்கு இருபதில் ஒரு பங்கு! மூச்சையடக்கி, கண் சிவக்க, ஆழத்துக்குப் போய் வந்தவனுக்குக் கூலி. உதட்டை அசைத்தவருக்குப் பங்கு!

அந்தக் கட்டுக்குக் காலவரையும் உண்டு. பகலிலே கட்டுவர்; இரவிலே அவிழ்த்துவிடுவர். இருளைப் பயன்படுத்தி எவனேனும் களவாகச் சிப்பி அள்ளிவிடக் கூடாதல்லவா? அந்த நேரத்தில் சுறா தன் வேலையைச் செய்து கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. காவல் ஆளுக்கா, முத்துக்கா என்பது அதிலேயே விளங்கிவிடும்.

பின்னாளில் இந்த உத்தியோகத்துக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். வெள்ளையர் ஆட்சியிலும், முத்துச் சலாபம் நடந்தபோது கடல்கட்டி வந்தார். சிப்பியிலே தம் பங்கைப் பெற்றுச் சென்றார். பீரங்கியும் போர்க்கப்பலும் வைத்திருந்த வல்லரசு, மந்திரத்தை நம்பாவிட்டாலும் மந்திரக்காரரை விலக்கத் துணியவில்லை. அவர் வராவிட்டால் குளிப்போர் இறங்கமாட்டார்கள்!

தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துச் சலாபம் நின்றது. கடல்கட்டியின் வேலையும் போயிற்று. ஆனால் தோழர்களே, கடல்கட்டி போய்விட்டாரா? இல்லை. இன்றைக்கும் அவர் இருக்கிறார். திண்ணையிலே இருக்கிறார், பெற்றோர் கூட்டத்திலே இருக்கிறார், சில வேளை நம் கழகக் கொடிக்கம்பத்தின் அடியிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார். "சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் அதைப்பற்றியெல்லாம் பேசலாமா? பேசாமலிருந்தால் ஒன்றும் நேராது." இதுதான் அவருடைய மந்திரம். சுறா வராது, நாம் வாய் திறக்காதவரை!

எதைப்பற்றிப் பேசக் கூடாது என்கிறார்? தொடக்கப் பள்ளியிலே ஒரு குழந்தைக்கு, உன் உடல் உன்னுடையது என்று சொல்லிக் கொடுப்பதைப்பற்றி. எந்தத் தொடுதல் பாதுகாப்பானது, எது பாதுகாப்பற்றது, எவரேனும் "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்றால் அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று கற்பிப்பதைப்பற்றி. பத்து வயதில் ஒரு சிறுமியின் உடலில் என்ன மாறும், அது நோயன்று, தீட்டன்று என்று அவளுக்கு முன்கூட்டியே அறிவிப்பதைப்பற்றி. பக்கத்தில் அமர்ந்திருப்பவனை எப்படி மதிப்பது, கோபம் வந்தால் அதை என்ன செய்வது, அழுகை வந்தால் ஆண்பிள்ளையும் அழலாமா என்பதைப்பற்றி. உடல்நலம், உறவு, தன்பாதுகாப்பு, பிறரோடு வாழ்தல் ஆகியவற்றைப் பற்றிய கல்வி இது. 'பாலியல் கல்வி' என்ற ஒற்றைச் சொல்லை அதன் நெற்றியில் ஒட்டி, ஏதோ ஆபாசப் படத்தைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டப் போகிறார்கள் என்பதுபோலப் பதறுகிறவர்கள், பாடத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் பதறுவதில்லை.

2007ஆம் ஆண்டு மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டார்கள். சரிபாதிக்கு மேற்பட்டவர்கள், 53 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். சிறுமியர் மட்டுமா? சிறுவரும் ஏறத்தாழ அதே அளவில்! தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை எவரிடமும் சொல்லவில்லை. அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆகவே நாம் தப்பித்தோம் என்று எவரும் மார்தட்ட வேண்டாம். நம்மிடம் கேட்கவில்லை, அவ்வளவே.

கேட்காமலே தெரிந்த செய்திகளும் உண்டு. 2021 நவம்பரில் கோவையிலும் கரூரிலும் பள்ளி மாணவியர் இருவர் பாலியல் தொல்லையை எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக் கொண்டனர். 2024 நவம்பரில் இதே தூத்துக்குடி மாவட்டத்தில், விளையாட்டுப் போட்டிக்கு மாணவியரை அழைத்துச் சென்ற தனியார் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். ஒவ்வொரு முறையும் ஊர் கொதிக்கிறது, மறியல் நடக்கிறது, மறுவாரம் ஆறிவிடுகிறது. அந்தக் கொதிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. சுறா கடித்த பிறகு வரும் கொதிப்பு அது. கடிக்குமுன் பிள்ளையின் கையில் என்ன கொடுத்தோம் என்பதல்லவா நம்மிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி?

நாம் கொடுத்தது மௌனம். சுறாவின் வாயைக் கட்டுவதாக எண்ணிப் பிள்ளையின் வாயைக் கட்டினோம்.

இந்த மௌனத்திலேதான் எத்தனை வேடிக்கை! ஊரிலே ஒரு வீட்டுப் பெண் பெரியவளாகிவிட்டால் என்ன நடக்கிறது? சடங்கு வீடு! வாழைமரம் கட்டுகிறோம், ஒலிபெருக்கி வைக்கிறோம், தெருமுனையிலே இருபதடிப் பதாகை. அதிலே பதினொரு வயதுச் சிறுமி, அம்மனைப்போல அலங்கரிக்கப்பட்டுச் சிரிக்கிறாள். மேற்புறத்தில் தலைவர்களின் படங்கள். கீழ்ப்புறத்தில் தாய்மாமன்கள் வரிசை. ஆம், நம் கட்சிக்காரர் வீட்டுப் பதாகையைத்தான் சொல்கிறேன். வட்டச் செயலாளர் கைகூப்பி வரவேற்கிறார், மாவட்டம் வந்து மொய் எழுதுகிறது! ஒரு குழந்தையின் கருப்பையிலே நிகழ்ந்த மாற்றத்தை ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவிக்கக் கூசாத சமுதாயம், அதே மாற்றத்தை அந்தக் குழந்தைக்கு, அது நிகழுமுன்னே, ஆசிரியை ஒருவர் மெல்லிய குரலில் சொல்லிக் கொடுத்தால் "ஐயோ, பண்பாடு!" என்று அலறுகிறது. ஊருக்குச் சொல்லலாம், அவளுக்குச் சொல்லக் கூடாது!

அவளுக்குச் சொல்லாததால், ஐந்தாம் வகுப்புச் சிறுமி பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் குருதியைக் கண்டு, தனக்கு ஏதோ பெருநோய் வந்துவிட்டது, செத்துப்போகப் போகிறோம் என்று எண்ணி நடுங்குகிறாள். தமிழ்நாடு அரசு 2012ஆம் ஆண்டு முதல் வளரிளம் பெண்களுக்கு விலையில்லாமல் நாப்கின் வழங்கியது, நல்ல திட்டம். அத்திட்டத்தின் வயது வரம்பு பத்திலிருந்து தொடங்குகிறது. பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு, தொடக்கப் பள்ளி! பொருளைக் கொடுக்க அந்த வயது ஏற்றது. பொருள் எதற்கென்று விளக்க மட்டும் அந்த வயது ஏற்றதில்லையா?

வயதைப்பற்றி இவர்கள் பேசும்போது எனக்குப் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1929இல் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்குத் திருமண வயது 14 என்று வைத்தது. அப்போது சாத்திரம் கெட்டது, சமயம் அழிந்தது என்று எழுந்த கூக்குரலை நம் இயக்கத்தின் மூத்தவர்கள் மேடைக்கு மேடை எதிர்த்து நின்றார்கள். அதே 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றிற்று. பின்னர், 2005ஆம் ஆண்டு மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, 2007இல் மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசம், கருநாடகம் எனப் பல மாநிலங்கள் அதற்குத் தடை போட்டன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, வெங்கையா நாயுடு அவர்களின் தலைமையில், பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே அறிக்கை தந்தது. காரணம்? பண்பாடு! பத்து வயதிலே அவள் கழுத்தில் தாலி கட்டலாம் என்று 1929இல் வாதாடியது பண்பாடு. பத்து வயதிலே அவள் தன் உடலைப்பற்றித் தெரிந்துகொள்ளக் கூடாது என்று 2009இல் வாதாடியதும் பண்பாடு. மனைவியாக இருக்க அகவை போதும், மாணவியாக இருக்கப் போதாது!

மேல்நாட்டுச் சரக்கு என்கிறார்கள். இங்கிலாந்து 2020 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் உறவுகள் பற்றிய கல்வியைக் கட்டாயமாக்கியது உண்மை. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, ஐந்து வயதிலிருந்தே அந்தந்த வயதுக்கேற்ற பாடம் என்று வகுத்திருப்பதும், அதனால் பிள்ளைகள் கெட்டுப்போவதில்லை என்று ஆய்வுகளைக் காட்டியிருப்பதும் உண்மை. ஆனால் மேல்நாட்டுச் சரக்கு என்ற அந்தப் பேச்சே தவறான எண்ணம் என்று 2024 செப்டம்பரில் சொன்னது நம் உச்ச நீதிமன்றம், அதுவும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மேல்முறையீட்டில். 2025 அக்டோபரில் அதே உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு, ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம், இன்னும் இளைய வயதிலேயே தொடங்குங்கள் என்றது.

தமிழனுக்கு இது அந்நியமா? அகமென்றும் புறமென்றும் வாழ்வைப் பகுத்து, காதலுக்கு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. கடலும் கடல் சார்ந்த இந்த நிலத்துக்கே நெய்தல் எனப் பெயரிட்டு, பிரிந்தவளின் துயரைப் பொருளாக வைத்தவர்கள் நாம். வள்ளுவர் 133 அதிகாரங்களில் 25ஐ இன்பத்துக்கே ஒதுக்கினார். அந்த 25ஐயும் பள்ளிப் பிள்ளைக்குக் காட்டாமல் நகர்த்தி வைத்தவர்கள் பிற்காலத்தவர்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மறைவுறுப்புகளுக்குத் தமிழிலே பெயர் இருந்தது. அந்தப் பெயர்களை எல்லாம் வசைச்சொற்களாக்கித் தெருவிலே வீசிவிட்டோம். வீட்டிலே அவற்றுக்கு வழங்குவது மழலைப் பெயர், வீட்டுக்கு ஒன்று. நாளை ஏதேனும் நேர்ந்து, காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ ஒரு குழந்தை "எங்கே தொட்டான்?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். சொல்ல அதற்குச் சொல் எங்கே? கையும் காலும் போல அவையும் உறுப்புகள், அவற்றுக்கும் கூச்சமின்றிச் சொல்லத்தக்க பெயர்கள் உண்டு என்று கற்பிப்பதற்குக் கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் போதும்.

"இதையெல்லாம் வீட்டிலே சொல்லிக் கொடுக்கட்டுமே, பள்ளிக்கூடம் எதற்கு?" என்று நியாயவான் ஒருவர் கேட்கிறார். பண்பானவர், படித்தவர், கெட்ட எண்ணம் இல்லாதவர். அவருக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஐயா, எந்த வீட்டிலே? தங்கள் வீட்டில் தாங்கள் இருக்கிறீர்கள், தங்கள் துணைவியார் இருக்கிறார், மருத்துவரான மைத்துனர் இருக்கிறார், அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்துத் தொழிலாளியின் வீட்டுக்கு வந்து பாருங்கள். விடியுமுன்னே தாய் புறப்பட்டாக வேண்டும். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. தந்தை விசைப்படகிலே, அல்லது துறைமுகத்திலே சுமை ஏற்ற. வீட்டிலே எட்டு வயது அக்காளும் ஐந்து வயதுத் தம்பியும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக் கொள்கிறார். பார்த்துக்கொள்ளும் அந்தக் கையை நம்பித்தான் அந்தத் தாய் உப்பு வாருகிறாள். பெரும்பாலும் அந்தக் கை நல்ல கையே. நல்லதாக இல்லாத நாளிலே அந்த எட்டு வயதுக்காரியிடம் யார் என்ன சொல்லி வைத்திருக்கிறோம்? இரவிலே காலெல்லாம் வெடித்துத் திரும்புகிற தாயை உட்காரவைத்து, "ஏனம்மா பிள்ளைக்கு உடற்கல்வி சொல்லித்தரவில்லை?" என்று கேட்பீர்களா?

வீட்டிலே சொல்லட்டும் என்பது வசதியுள்ளவனின் வாதம். இதே வாதத்தை நாம் முன்பும் கேட்டிருக்கிறோம். பிள்ளைக்குச் சோறு போடுவது வீட்டின் கடமை, பள்ளிக்கூடத்துக்கு அது எதற்கு என்றார்கள். நீதிக்கட்சி 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே நண்பகல் உணவைத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1950களின் நடுவிலே மதிய உணவுத் திட்டம் இந்த மாவட்டத்தின் எட்டயபுரத்திலேயே தொடங்கி வைக்கப்பட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, "அது வீட்டின் வேலை" என்ற வாதம் மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்றது. வீட்டிலே இல்லாததைக் கொடுக்கத்தான் அரசுப் பள்ளி. இருக்கிற வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்பது சமூகநீதி என்றால், இரு பிள்ளைகளும் ஒரே சொல்லை அறிந்திருக்க வேண்டும் என்பதும் சமூகநீதியே. இல்லையென்றால் என்ன ஆகும்? கட்டணம் கட்டுகிற பள்ளிகளிலே வல்லுநரை வரவழைத்துப் பயிலரங்கு நடக்கும். உப்பளத்துப் பிள்ளைக்கு மந்திரமே மிஞ்சும்.

ஒரு குழந்தைக்குக் கற்பித்தால் அது அந்தக் குழந்தையோடு நிற்பதில்லை என்பதை இந்தக் கரை 480 ஆண்டுகளாக அறியும். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். அவருடைய நோக்கம் வேறு, நம் நோக்கம் வேறு. அந்தக் கணக்கை வேறொரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். ஆனால் அவருடைய முறை கவனிக்கத்தக்கது. தமிழறியாத அந்த மனிதர் பெரியவர்களிடம் தொடங்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டினார். தமிழிலே பெயர்க்கச் செய்த மந்திரங்களை அவர்களுக்குக் கற்பித்தார். பிள்ளைகள் வீடு திரும்பி அப்பனுக்கும் அம்மைக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தம்மைத் தூங்கவும் உண்ணவும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். பரலோகத்துப் பாடம் வீடு வந்து சேர்ந்த வழியிலே, இந்த உடலைப்பற்றிய பாடம் வந்து சேராதா?

இனி, நமக்குள்ளே பேச வேண்டியது. இது ஏதோ குழந்தைகள் நலத்துறையின் வேலை, நமக்கென்ன அரசியல் என்று கருதும் தோழர்கள் உண்டு. சுயமரியாதை இயக்கத்திலிருந்து வந்தவர்கள் நாம். சுயமரியாதை எங்கே தொடங்குகிறது? மேடையிலா? "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று சொல்லும்போது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே, அங்கே தொடங்குகிறது. நாம் என்ன செய்கிறோம்? "மரியாதை தெரியாத பிள்ளை" என்று தலையில் குட்டுகிறோம். பெரியவர் சொன்னால் பணி, ஆசிரியர் சொன்னால் அடங்கு, விருந்தாளி தூக்கினால் சிணுங்காதே. இப்படிப் பணியப் பணியப் பழக்கிவிட்டு, தீயவன் ஒருவன் வந்து "பேசாமல் இரு" என்று சொல்லும்போது மட்டும் அந்தக் குழந்தை எதிர்த்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்! அவன் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. நாம் கற்பித்ததைப் பயன்படுத்திக் கொள்கிறான். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை ஆறு வயதுக்கும் உண்டு என்பதை ஏற்காதவன், அறுபது வயதுத் தொழிலாளிக்கு அந்த உரிமையை எப்படி வாங்கித் தருவான்? 1930களிலேயே கருத்தடையைப்பற்றிப் பகிரங்கமாகப் பேசியும் எழுதியும் வந்தார் பெரியார். அவர் வழியிலே வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலே, மனித உடல் பற்றிய பக்கத்தை ஆசிரியர் வேகமாகப் புரட்டிவிடுகிறார் என்றால் நாம் கேட்க வேண்டாமா?

உறவு பற்றிய கல்வி என்றேனே, அது உடலோடு முடிவதன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே பட்டியலினத்து மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? உடன் படித்த பிள்ளைகள்! அதன் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்றது. 2025 மார்ச்சிலே திருவைகுண்டம் பக்கத்தில் மறுபடியும் ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவன் வெட்டப்பட்டான், அவன் விரல்கள் துண்டிக்கப்பட்டன. கயிற்றை அறுக்கச் சட்டம் போதும். கயிறு கட்டத் தோன்றிய நெஞ்சை என்ன செய்வது? பதினேழு வயதிலே அரிவாள் எடுப்பவன் ஏழு வயதிலே என்ன கேட்டு வளர்ந்தான்? யார் தட்டில் உண்ணாதே, யார் வீட்டுக்குப் போகாதே என்று அவனுக்கு ஏழு வயதிலேயே தெளிவாக, வயதுக்கேற்றபடி, பாடம் நடத்தப்பட்டுவிட்டது. சாதி ஒருபோதும் "பிள்ளைக்கு வயது போதாது" என்று காத்திருப்பதில்லை. அதற்கெதிரான பாடம் மட்டும் ஒன்பதாம் வகுப்புக்குக் காத்திருக்கிறது.

பாடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2018 தொடங்கிப் புதுப்பிக்கப்பட்ட தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புப் பாடநூல்களிலே உடலைப்பற்றிய பகுதியில் தொடுதல் பற்றிய செய்தி சேர்ந்தது. 14417 என்ற கல்வி உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன. 2021இல் பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்புக்கென ஆலோசனைக் குழு வேண்டும், ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 22 வரை விழிப்புணர்வு வாரம் வேண்டும் என அரசு வகுத்தது. போக்சோ விதிகள் 2020, வயதுக்கேற்ற பாடம் தயாரிப்பதை மத்திய, மாநில அரசுகளின் கடமையாகவே ஆக்கின. ஏட்டிலே குறையில்லை.

வகுப்பறையிலே? ஆசிரியரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கும் எவரும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு நாள் பயிற்சி, ஒரு கையேடு, பிறகு நாற்பது பிள்ளைகளின் முன்னே தனியாக நில் என்றால், கூச்சம் அவரையும் பிடிக்கும். "இதை வீட்டிலே படித்துக் கொள்ளுங்கள்" என்று அடுத்த பக்கம் போய்விடுகிறார். துணிந்து நடத்துபவரோ, நம் கல்வி முறையின் பழைய நோய்க்கு ஆளாகி, 'தொடுதல் எத்தனை வகைப்படும்? அவை யாவை?' என்று இரண்டு மதிப்பெண் வினாவாக்கிவிடுகிறார்! பிள்ளை மனப்பாடம் செய்து இரண்டுக்கு இரண்டு வாங்குகிறது. மாலையிலே யாரிடம் போய்ச் சொல்வது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோமே, அதிலும் ஒரு கேடு உண்டு. கெட்டது நடந்துவிட்டால், தானே கெட்டுவிட்டதாகக் குழந்தை எண்ணிக்கொள்கிறது. பாதுகாப்பற்றது என்று சொல்லுங்கள். குற்றம் செய்தவன் வேறொருவன் என்பது அப்போதுதான் விளங்கும்.

முத்துக் குளித்த காலத்திலே உயிரைக் காத்தது மந்திரமன்று, கயிறு. இடுப்பிலும் கல்லிலும் கயிறு பிணைத்துக் கடலில் இறங்குவான் ஒருவன். தோணியிலே நின்று கயிற்றைப் பிடித்திருப்பான் மற்றொருவன். கீழே மூச்சு முட்டினால் ஒரு சுண்டு; மேலே இருப்பவன் கேள்வி கேட்காமல் இழுத்தாக வேண்டும். ஆகவேதான் கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நம்பலாம், தன் அக்காள் தாலியறுக்க விடமாட்டான் என்ற பேச்சு இக்கரையில் இன்றும் வழங்குகிறது. இதில் பாடம் இரண்டு பேருக்கும். சுண்டத் தெரிய வேண்டும் குளிப்பவனுக்கு. இழுக்கத் தெரிய வேண்டும் பிடிப்பவனுக்கு. பிள்ளைக்குச் சுண்டக் கற்றுக் கொடுத்துவிட்டு, அது சுண்டும்போது "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே, நீ ஏதோ தவறாகப் புரிந்து கொண்டாய்" என்று கயிற்றைத் தளர விடுவோமானால், கற்பித்ததே வீண். போக்சோ சட்டம் 19ஆம் பிரிவிலே தெரிந்தவர் எவரும் புகார் தர வேண்டும் என்கிறது. மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை; நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பள்ளியின் நற்பெயர் என்று மூடி மறைப்பவர், இரவிலே கட்டை அவிழ்த்துவிட்ட அந்த மந்திரக்காரரின் வாரிசு. காவல் முத்துக்கு, ஆளுக்கன்று.

கழகத் தோழர்கள் செய்யத்தக்கது இருக்கிறது. அதற்கு மாநாடு வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். உப்பளத்துத் தாயும், மீன் விற்கும் பெண்ணும், துறைமுகத் தொழிலாளியும் தலைமையாசிரியருக்குச் சமமாக அமர்ந்து கேள்வி கேட்கச் சட்டம் போட்டுக் கொடுத்த நாற்காலி அது. நம் தோழர்களில் எத்தனை பேர் அதில் உறுப்பினர்? உறுப்பினராக இருப்பவர்களில் எத்தனை பேர் கட்டடத்தையும் சுற்றுச்சுவரையும் தவிர வேறெதையும் அங்கே பேசியிருக்கிறோம்? சுவர் வேண்டியதுதான். சுவருக்கு உள்ளே நடப்பதையும் கேட்போம். ஆசிரியருக்குப் பயிற்சி எத்தனை நாள் கிடைத்தது, உதவி எண் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, பாதுகாப்பு ஆலோசனைக் குழு எப்போது கூடியது, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்போம். சடங்கு வீட்டுப் பதாகையில் தலைவர் படத்தையும் கழகக் கொடியையும் இனிப் போடுவதில்லை என்று கிளைக் கூட்டங்களிலே முடிவெடுப்போம். மனத்தாங்கல் வரும், வரட்டும்.

கேட்கப் போகுமுன் ஒரு வேலை. வீட்டிலே இருக்கும் மூன்றாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ பிள்ளையின் பாடநூலை வாங்கி, உடலைப்பற்றிய அந்தப் பாடத்தை நாமே ஒருமுறை படிப்போம். பிள்ளையையே சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து கேட்டாலும் சரி. மேலாண்மைக் குழுவிலே, "இந்தப் பாடத்தை நடத்தினீர்களா?" என்று ஆசிரியரைக் கேட்கும்போது பக்க எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.